உசாத்துணைகள்: காற்புள்ளிக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ இறுதியாண்டு ஆய்வை முடித்துவிட்டு, அதைச் சஞ்சிகைக் கட்டுரையாக மாற்ற உட்காரும் மாணவரிடம் உசாத்துணை பற்றிக் கேளுங்கள். பேச்சு நேரே நிறுத்தக்குறிகளுக்குப் போய்விடும். ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடுவதா, முதலெழுத்து பெயருக்கு முன்னாலா பின்னாலா, சஞ்சிகையின் பெயர் சாய்வெழுத்திலா என்பதே முழுக் கவலையாக இருக்கும். கட்டுரை திரும்பி வந்தால் "போமற் பிழையாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

நிறுத்தக்குறி இந்த வேலையின் கடைசிப் படி. அதைக் கணினி செய்துவிடும். எந்தக் கூற்றுக்கு எது மூலம், அந்த மூலத்தைப் பற்றி நாம் பதிந்து வைத்த விபரம் சரிதானா என்ற இரண்டையும் கணினி பார்க்காது. கட்டுரைகள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

உசாத்துணை என்ன வேலை செய்கிறது?

காணி உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். இன்ன ஆண்டு, இன்ன திகதியில், இன்ன நொத்தாரிசு எழுதிய இன்ன இலக்க உறுதியின்படி இந்தக் காணி எனக்கு உரியது என்று அதில் எழுதியிருக்கும். விற்பவர் நல்ல மனிசன் என்பதற்காக யாரும் முற்பணம் கொடுப்பதில்லை. அந்த இலக்கத்தைக் கொண்டுபோய்க் காணிப் பதிவகத்தில் தேடுவார்கள்; முந்திய உறுதி, அதற்கு முந்திய உறுதி என்று பின்னோக்கிப் போவார்கள். இலக்கத்தில் ஒரு எண் மாறியிருந்தால் தேடல் வேறு யாருடையவோ வளவில் போய் நிற்கும். எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த உறுதியால் பயனில்லை.

ஆய்வுக் கட்டுரையும் இப்படித்தான் முந்திய ஆவணங்களின் மேல் நிற்கிறது. நீங்கள் அளக்காத ஒன்றை, நீங்கள் கண்டுபிடிக்காத ஒரு முறையைக் கட்டுரையில் பயன்படுத்தினால், வாசகர் அதன் மூலத்துக்குப் போய்ச் சரிபார்க்க வழி வைக்க வேண்டும். அந்த வழிக்கு இரண்டு பாகங்கள் உண்டு. உரைக்குள், கூற்றின் பக்கத்தில் வைக்கும் சிறு குறிப்பு மேற்கோள். கட்டுரையின் முடிவில் அந்த மூலத்தின் முழு விபரத்தையும் தரும் வரி உசாத்துணை. இவை இரண்டையும் எந்த ஒழுங்கில், எந்தக் குறிகளோடு எழுதுவது என்று ஒரு சஞ்சிகை வகுத்திருக்கும் விதிகளின் தொகுப்பே பாணி.

உரையில் உள்ள ஒவ்வொரு மேற்கோளுக்கும் முடிவில் ஓர் உசாத்துணை இருக்க வேண்டும். முடிவில் உள்ள ஒவ்வொரு உசாத்துணையும் உரையில் எங்காவது மேற்கோளாக வந்திருக்க வேண்டும். ஆய்வேட்டில் வாசித்த நூல்களையெல்லாம் கடைசியில் அடுக்கிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். சஞ்சிகைக்கு நீங்கள் என்னென்ன வாசித்தீர்கள் என்பது தேவையில்லை. எதன்மேல் நின்று எழுதினீர்கள் என்பது மட்டும் போதும்.

மேற்கோளை எங்கே வைப்பது?

பந்தி முழுவதையும் எழுதிவிட்டு, கடைசி முற்றுப்புள்ளிக்கு முன்னால் நாலைந்து மேற்கோள்களைக் கொத்தாக வைப்பது பலருக்கும் உள்ள பழக்கம். ஆறு வசனங்களில் எந்த வசனம் யாருடையது என்று வாசகர் எப்படி அறிவார்? மேற்கோள் அது தாங்கும் கூற்றுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரே வசனத்தின் முதற்பாதி ஒருவருடையது, மறுபாதி இன்னொருவருடையது என்றால் வசனத்தின் நடுவிலேயே முதல் மேற்கோளை வைத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேற்கோள் வேண்டியதில்லை. இலங்கையின் பிரதான உணவுப் பயிர் நெல் என்பதற்கு யாரும் ஆதாரம் கேட்கமாட்டார்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குறித்த பெரும்போகத்தில் இத்தனை ஹெக்ரேயரில் நெல் விதைக்கப்பட்டது என்று எழுதினால் கேட்பார்கள். எண் வந்தால் மூலம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது.

மேற்கோள் போட்டுவிட்டால் மற்றவரின் வசனங்களை அப்படியே எடுக்கலாம் என்ற எண்ணமும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் எடுத்தால் இரட்டை மேற்கோள்குறிக்குள் இட வேண்டும். இடாவிட்டால், மூலத்தைச் சொல்லியிருந்தாலும் அது களவாகவே கொள்ளப்படும். அறிவியல் கட்டுரைகளில் மற்றவரின் வசனத்தை நேரடியாக எடுப்பது அரிது. பொருளை விளங்கி உங்கள் சொல்லில் எழுதி, மேற்கோளை வையுங்கள்.

வாக்லியும் பிளாக்கும் சொன்னதும் சொல்லாததும்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாக வாசியுங்கள். விவசாயம் படிப்பவர்களுக்கு மிகவும் பழக்கமான இடம் இது. இரணைமடுக் குளத்துக்குக் கீழுள்ள வயல்களின் மண்ணில் சேதனக் காபனை அளக்கும் யாரும் முறைகள் பகுதியில் வாக்லி, பிளாக் என்ற இரு பெயர்களையும் 1934 என்ற ஆண்டையும் எழுதுவார்கள். உலகம் முழுவதும் மண்ணியலார் அதிகம் எடுத்தாளும் கட்டுரைகளில் அது ஒன்று. பிழையாக எடுத்தாளப்படுவதிலும் அது முன்னணியில்தான் நிற்கிறது.

முதற்பிழை விபரத்தில். அந்தக் கட்டுரை சொயில் சயன்ஸ் சஞ்சிகையின் 37ஆம் தொகுதியில், 29ஆம் பக்கம் தொடக்கம் 38ஆம் பக்கம் வரை வெளிவந்தது. ஆனால் தொகுதி 34 என்றும், பக்கங்கள் 29–37 என்றும் எழுதிய பட்டியல்களை நீங்களே தேடிக் காணலாம். 34 என்பது அனேகமாக ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் தொகுதியின் இடத்தில் நுழைந்ததாக இருக்கும். ஒருவர் பிழையாக எழுத, அடுத்தவர் மூலத்தைத் திறந்து பார்க்காமல் அவருடைய பட்டியலிலிருந்து வரியை அப்படியே எடுக்க, பிழை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. சஞ்சிகைக்காகக் கட்டுரையை மதிப்பிடும் மீளாய்வாளர் இதைக் கண்டால் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்: இவர் இந்தக் கட்டுரையை வாசிக்கவில்லை.

இரண்டாம் பிழை ஆழமானது. சேதனக் காபனை 1.724 ஆல் பெருக்கிச் சேதனப் பொருளாக்கிவிட்டு, அந்தப் பெருக்கிக்கும் அதே 1934 மேற்கோளை வைப்பார்கள். மண்ணின் சேதனப் பொருளில் 58 வீதம் காபன் என்ற பழைய எடுகோளிலிருந்து வந்த எண் அது (100ஐ 58 ஆல் வகுத்துப் பாருங்கள்). 19ஆம் நூற்றாண்டிலேயே அது வழக்கில் இருந்தது. வாக்லி, பிளாக் இருவருடையதும் குரோமிக்கமிலத்தால் ஒட்சியேற்றி நியமிக்கும் முறை. பெருக்கிக்கு அவர்களைக் காட்டுவது, கிணறு வெட்டியவரைக் கேணிக்கும் சொந்தக்காரர் ஆக்குவது போலத்தான்.

மூன்றாவது, ஆய்வுகூடத்தில் நீங்கள் உண்மையில் பின்பற்றியது என்ன என்பது. மேசையில் இருந்தது பெரும்பாலும் 1934 கட்டுரையாக இருக்காது. ஏதோவொரு கைநூலில் திருத்தி எழுதப்பட்ட படிமுறையாக இருக்கும். அப்படியானால் இரண்டையும் சொல்ல வேண்டும்: முறை இன்னாருடையது, நாங்கள் பின்பற்றிய திருத்திய வடிவம் இன்ன கைநூலில் உள்ளது. மூலத்தைப் பெற முடியாமல் வேறொருவரின் கட்டுரை வழியாக மட்டும் அறிந்திருந்தால், இன்னாரை இன்னார் எடுத்தாண்டபடி என்று எழுதி, நீங்கள் கையில் வைத்து வாசித்ததை மட்டும் பட்டியலில் சேருங்கள். இதை ஒரு கட்டுரையில் ஒன்றிரண்டு இடங்களுக்கு மேல் செய்தால் மீளாய்வாளர் முகம் சுளிப்பார்.

இதுவரை சொன்னதில் எந்தப் பாணியின் விதியும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சரியான மூலம், சரியான இடம், சரியான விபரம். இவை பிழையானால் எந்தப் பாணியும் கைகொடுக்காது.

பாணிகள்: இரண்டு குடும்பங்கள்

பாணிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். உரைக்குள் மேற்கோள் எப்படித் தோன்றுகிறது என்று பார்த்தால் பெரும்பாலானவை இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கும்.

ஒன்று ஆசிரியர்-ஆண்டு முறை. உரையில் ஆசிரியரின் பெயரும் ஆண்டும் வரும். பட்டியல் அகரவரிசையில் இருக்கும். 1881இல் ஹாவர்ட் பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் மார்க், நத்தை இனத்தைச் சேர்ந்த ஓர் உயிரி பற்றிய தன் கட்டுரையில் இப்படி எழுதியதே தொடக்கம் என்பார்கள். ஹாவர்ட் பாணி என்ற பெயர் அதனால் வந்தது. இங்கே ஒரு பொறி உண்டு. ஹாவர்ட் பாணி என்று அதிகாரபூர்வமான ஒரே விதிநூல் கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சஞ்சிகையும் தனக்கென ஒன்று வைத்திருக்கின்றன. ஆகவே "ஹாவர்டில் எழுதுங்கள்" என்று யாராவது சொன்னால், யாருடைய ஹாவர்ட் என்று கேட்டேயாக வேண்டும். இதே குடும்பத்தில் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) பாணிக்கு ஒரு விதிநூல் இருக்கிறது. அதன் 7ஆம் பதிப்பு 2019 ஒக்டோபரில் வந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆசிரியர் இருந்தால் முதல் முறையிலிருந்தே முதலாமவர் பெயரும் "மற்றும் பலர்" என்பதும் போதும்; பட்டியலில் 20 பேர் வரை எல்லோருடைய பெயரையும் எழுத வேண்டும். 6ஆம் பதிப்பைப் படித்த மேற்பார்வையாளரும் 7ஆம் பதிப்பைப் படித்த மாணவரும் மோதிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மற்றது எண் முறை. உரையில் 1, 2, 3 என்று எண் மட்டும் வரும்; பட்டியல் அந்த எண் ஒழுங்கில் இருக்கும். 1978இல் மருத்துவச் சஞ்சிகைகளின் பதிப்பாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி ஒரு பொது ஒழுங்கு வகுத்தார்கள். வான்கூவர் பாணி என்பது அதிலிருந்து வந்தது. எண் உரையில் முதலில் தோன்றும் ஒழுங்கில் ஏறும். அதே மூலம் மறுபடி வந்தால் பழைய எண்ணே வரும். அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளுக்கு என்ன எண்? அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை வைத்து எண் போட வேண்டும். இதைத் தவறவிடாதவர்கள் குறைவு.

மேலே பார்த்த அதே கட்டுரை இரண்டு குடும்பத்திலும் எப்படித் தோன்றும் என்று பாருங்கள். சஞ்சிகைக்கு அனுப்பும்போது மூலத்தில் உள்ள ஆங்கிலத் தலைப்பையே எழுத வேண்டும்; இங்கே வடிவத்தைக் காட்டுவதற்காக மட்டும் தமிழில்.

வாக்லி, ஏ., & பிளாக், ஐ. ஏ. (1934). மண்ணின் சேதனப் பொருளைத் துணியும் டெக்ஜாரெவ் முறை பற்றிய ஆய்வும், குரோமிக்கமில நியமிப்பு முறைக்கு ஒரு திருத்த முன்மொழிவும். சொயில் சயன்ஸ், 37(1), 29–38.

வாக்லி ஏ, பிளாக் ஐஏ. மண்ணின் சேதனப் பொருளைத் துணியும் டெக்ஜாரெவ் முறை பற்றிய ஆய்வும், குரோமிக்கமில நியமிப்பு முறைக்கு ஒரு திருத்த முன்மொழிவும். சொயில் சயன்ஸ். 1934;37(1):29–38.

உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். ஆண்டு இடம் மாறியிருக்கிறது, சில புள்ளிகள் போய்விட்டன, அவ்வளவே.

சரக்கு என்பது எவை?

சஞ்சிகைக் கட்டுரைக்கு எட்டு விபரங்கள் வேண்டும்: ஆசிரியர்கள், ஆண்டு, தலைப்பு, சஞ்சிகையின் பெயர், தொகுதி, இதழ், பக்கங்கள், டிஓஐ. தொகுதி என்பது பொதுவாக ஓர் ஆண்டில் வந்த இதழ்களின் கட்டு. இதழ் என்பது அந்தக் கட்டுக்குள் ஒன்று. டிஓஐ என்பது ஒரு கட்டுரைக்கு நிரந்தரமாக வழங்கப்படும் அடையாளக் குறியீடு. இணையத்தளத்தின் முகவரி மாறினாலும் அது மாறாது. எல்லா டிஓஐயும் 10 என்ற எண்ணில் தொடங்கும். வாக்லி-பிளாக் கட்டுரையினது 10.1097/00010694-193401000-00003. முற்பகுதி அதைப் பதிந்த நிறுவனத்தைக் காட்டும். இலங்கைச் சஞ்சிகைகளை இணையத்தில் தரும் சிறீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தின் கட்டுரைகள் பல 10.4038 என்று தொடங்குவதை அவதானித்திருப்பீர்கள்.

டிஓஐ வெறும் அலங்காரம் இல்லை. டிஓஐ தளத்தின் தேடற்பெட்டியில் அதை இட்டால் கட்டுரை திறக்க வேண்டும். வேறு கட்டுரை திறந்தால் உங்கள் வரியில் எங்கோ பிழை. ஒன்றுமே திறக்காவிட்டால் எண்ணில் பிழை, அல்லது அப்படியொரு கட்டுரையே இல்லை. பின்னது இப்போது அதிகம் நடக்கிறது. உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் உசாத்துணை கேட்டால், துறையில் உள்ளவரின் பெயர், உண்மையான சஞ்சிகை, நம்பத் தகுந்த தலைப்பு எல்லாவற்றையும் கோத்து இல்லாத ஒரு கட்டுரையைத் தந்துவிடும். நிறுத்தக்குறி மட்டும் அச்சொட்டாக இருக்கும்! வரிக்கு வரி டிஓஐயைத் திறந்து பார்க்காமல் அதை ஒருபோதும் கட்டுரைக்குள் விடாதீர்கள்.

இணையத்தில் மட்டும் வெளிவரும் பல சஞ்சிகைகளுக்குத் தொடர் பக்க எண் கிடையாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் இலக்கம் கொடுப்பார்கள். பக்கத்துக்குப் பதில் அந்தக் கட்டுரை இலக்கத்தை எழுத வேண்டும். பிடிஎப் கோப்பின் அடியில் 1 தொடக்கம் 12 வரை இருப்பதைப் பார்த்து 1–12 என்று எழுதுவது பிழை.

சஞ்சிகையின் பெயரைச் சுருக்கி எழுதச் சொன்னால் நீங்களாகச் சுருக்க வேண்டாம். சுருக்கங்களுக்குச் சர்வதேசத் தரப்பட்டியல் உண்டு. உசாத்துணைகளை அடுக்கும் மென்பொருள் அதைப் பின்பற்றும். நேச்சர், ஜியோடேர்மா போன்ற ஒற்றைச் சொற்பெயர்கள் சுருங்குவதில்லை.

நூலுக்குப் பதிப்பும் பதிப்பகமும் வேண்டும். தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயம் என்றால் அத்தியாயம் எழுதியவர், நூலைத் தொகுத்தவர் என இரண்டு பெயர்க்கூட்டம் வரும். இரண்டையும் குழப்பக் கூடாது. ஆய்வேட்டுக்குப் பட்டமும் பல்கலைக்கழகமும் வேண்டும். ஆள் பெயர் இல்லாத அறிக்கைக்கு நிறுவனமே ஆசிரியர். அறிக்கை இலக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள். கிடைக்கும் பொசுபரசை அளக்கும் ஒல்சன் முறை 1954இல் வந்தது சஞ்சிகையில் இல்லை, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் 939ஆம் இலக்கச் சுற்றறிக்கையில். அதற்குத் தொகுதி, இதழ் என்று தேடிக் களைப்பவர்கள் உண்டு. இல்லாததைத் தேட வேண்டாம்.

சுருக்கமாக: எவ்வகை ஆவணம் என்று முதலில் தீர்மானியுங்கள், அந்த வகைக்குரிய விபரங்களை மூலத்தின் முதற்பக்கத்திலிருந்து எடுங்கள்.

எங்கள் பெயர்கள் படும் பாடு

ஐரோப்பியப் பெயர்களை வைத்து உண்டான ஒழுங்கில் கடைசிச் சொல் குடும்பப் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும்தான். தகப்பன் கந்தையா, மகன் குமரன் என்று வைத்துக்கொள்வோம். கந்தையா குமரன் என்று எழுதினால் தரவுத்தளம் கடைசிச் சொல்லைப் பிடித்து "குமரன், க." ஆக்கும். நல்லது, ஆளின் பெயர் முன்னால் நிற்கிறது. அதே ஆள் மேற்படிப்புக்கு வெளிநாடு போய், அங்குள்ள படிவங்களுக்கு ஏற்பக் குமரன் கந்தையா என்று எழுதத் தொடங்கினால் "கந்தையா, கு." ஆகிவிடுவார். தரவுத்தளத்துக்கு இவர்கள் இரண்டு பேர். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்து எழுதும் பெண்களுக்கும் இதே கதைதான். முந்திய கட்டுரைகள் வேறொருவருடையவை போல ஒதுங்கிவிடும்.

மற்றவரை எடுத்தாளும்போது, கட்டுரையில் அச்சான வடிவத்தையே பின்பற்றுங்கள். ஆளைத் தெரியும் என்பதற்காகத் திருத்தப் போனால் உங்கள் மேற்கோள் அவருடைய கணக்கில் சேராது. உங்கள் சொந்தப் பெயருக்கு, முதற்கட்டுரைக்கு முன்பே ஒரே வடிவத்தைத் தீர்மானித்து, கடைசிவரை மாற்றாதீர்கள். கூடவே ஓர்சிட் இலக்கம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளருக்கு வழங்கப்படும் 16 இலக்க அடையாளம் அது. 2012 ஒக்டோபர் தொடக்கம் வழங்கப்படுகிறது, இலவசம். பெயர் எப்படித் திரிந்தாலும் கட்டுரைகள் ஒரே ஆளிடம் வந்து சேரும்.

நிறுவனப் பெயரில் இன்னொரு கூத்து நடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை மென்பொருளில் ஆள் பெயர்போல இரண்டு பெட்டிகளில் இட்டால், அது "நிறுவனம், உ. சு." என்று ஒரு மனிதரை உருவாக்கிவிடும். பெயருக்கு ஒரே பெட்டி என்று மாற்றி இட வேண்டும்.

வன்னியில் கிடைக்கும் மூலங்கள்

எங்கள் ஆய்வுகளில் வரும் மூலங்கள் எல்லாம் டிஓஐயோடு வருவதில்லை. மாவட்டச் செயலகங்கள் வெளியிடும் புள்ளிவிபரக் கைநூலை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் ஓர் ஆண்டு இருக்கும். உள்ளே தரவு அதற்கு முந்திய ஆண்டினதாக இருக்கும். உசாத்துணையில் வர வேண்டியது வெளியிட்ட ஆண்டு. தரவின் ஆண்டை உரையில் வசனமாகச் சொல்லுங்கள். மழைவீழ்ச்சித் தரவை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் வாங்கினால் நிலையத்தின் பெயர், காலப்பகுதி, பெற்ற திகதி மூன்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். கட்டுரை எழுதும் வேளையில் ஞாபகம் வராது.

வவுனியாக் கிணறுகளின் புளோரைட்டு பற்றி எழுதுவோர் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் பெறுமானமான லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைக் காட்டுவார்கள். அந்த வழிகாட்டலின் 4ஆம் பதிப்பு 2011இல் வந்தது. முதல் இணைப்பைச் சேர்த்து 2017இலும், இரண்டாம் இணைப்பையும் சேர்த்து 2022இலும் மறுபடி வெளியாயிற்று. நீங்கள் திறந்து பார்த்தது எதுவோ அதையே எழுதுங்கள். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 இன் 2013ஆம் ஆண்டு வடிவத்தில் எல்லை 1.0 மில்லிகிராம். இரண்டு எண்ணும் வேறு, இரண்டு ஆவணமும் வேறு. ஒரே மேற்கோளில் திணித்தால் வாசகர் குழம்புவார்.

தமிழில் உள்ள நூலையோ அறிக்கையையோ ஆங்கிலச் சஞ்சிகைக்கு எடுத்தாளலாமா? தாராளமாக. தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் ஆங்கிலப் பொருளைத் தருவது ஏபிஏ வழி. பழைய கோப்புகளிலிருந்து தலைப்பை வெட்டி ஒட்டும்போது அவதானம் தேவை. பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும், ஒட்டும் இடத்தில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக விழும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கமக்காரரையோ மீனவரையோ நேர்கண்டு பெற்ற தகவல் உங்கள் சொந்தத் தரவு. அதை முறைகள் பகுதியில் விபரியுங்கள். அதற்கு உசாத்துணை கிடையாது. விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வாய்மொழியாகத் தந்த தகவல் வேறு வகை: அவருடைய சம்மதத்தோடு தனிப்பட்ட தொடர்பாடல் என்று திகதியோடு உரையில் மட்டும் குறிப்பிடலாம், ஏபிஏ பாணியில் அது பட்டியலுக்குப் போகாது.

மென்பொருளிடம் எதை ஒப்படைப்பது?

உசாத்துணைகளைச் சேமித்து அடுக்கும் மென்பொருள்கள் சொட்டெரோ, மெண்டலி, எண்ட்நோட் என்று பல இருக்கின்றன. தொடங்குபவருக்கு 2006இல் வந்த சொட்டெரோ போதும். இலவசம், இணையத் தொடர்பு அறுந்தாலும் கணினியில் வேலை செய்யும். விபரங்களைச் சேமிக்க எல்லையில்லை. கட்டுரைக் கோப்புகளை இணையத்தில் வைக்க மட்டும் 300 மெகாபைற் இலவசம்.

செயலியையும் உலாவிக்கான இணைப்பையும் நிறுவிய பின், கட்டுரையின் பக்கத்தைத் திறந்து உலாவியில் உள்ள குறியை அழுத்தினால் விபரம் தானாக வந்து விழும். டிஓஐயைக் கொடுத்தும் எடுக்கலாம். எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. வந்த விபரத்தை மூலத்தின் முதற்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வந்திருக்கலாம், இதழ் எண் இல்லாமல் இருக்கலாம், ஒரே கட்டுரை இரண்டு பதிவாக இருக்கலாம். உயிரியற் பெயர்கள் சாய்வெழுத்தை இழந்திருக்கும்; அவற்றைத் தலைப்புப் பெட்டியிலேயே சாய்வாகக் குறிக்க வேண்டும். கூகுள் ஸ்கொலர் தரும் தயார் வரியிலும் இதே குறைகள் வரும்.

பிறகு வேர்ட் ஆவணத்தில், சொட்டெரோ பட்டையிலிருந்து மேற்கோளை இடுங்கள். முடிவில் பட்டியலைச் செருகுங்கள். பாணியை மாற்ற வேண்டுமானால் அமைப்பில் சஞ்சிகையின் பெயரைத் தெரிவுசெய்தால் போதும். நூறு வரியும் ஒரு நொடியில் மாறும். ஒரு சஞ்சிகை மறுத்து இன்னொன்றுக்கு அனுப்பும்போதுதான் இதன் அருமை தெரியும்.

கெடுப்பது கைத்தட்டச்சு. மேற்பார்வையாளர் திருத்தும்போது உரைக்குள் பெயரையும் ஆண்டையும் தானே தட்டிவிடுவார். பார்வைக்கு மேற்கோள் போலவே இருக்கும். மென்பொருளுக்கு அது வெறும் எழுத்து, பட்டியலில் சேராது. எண் முறையில் இது இன்னும் மோசம்: நடுவில் ஒரு மேற்கோள் சேர, பின்னால் உள்ள எண்கள் எல்லாம் நகர, கையால் தட்டிய எண் மட்டும் பழைய இடத்திலேயே நின்று வேறொரு கட்டுரையைக் காட்டும். ஆவணத்தை வேர்டிலிருந்து கூகுள் டொக்சுக்கு அப்படியே ஏற்றினாலும் இணைப்புகள் அறுந்துவிடும். மாற்றுவதற்குச் சொட்டெரோவிலேயே தனி வழி உண்டு.

மீட்டுப் பார்த்தால், விபரத்தைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு, அடுக்குவது மென்பொருளின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் யாரும் கையால் தட்டக் கூடாது.

அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

சஞ்சிகையின் எழுத்தாளர் வழிகாட்டலை வாசியுங்கள். அதோடு நில்லாமல் அதன் மிக அண்மைய இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து பட்டியலை ஒப்பிடுங்கள். வழிகாட்டல் பழையதாகவும் நடைமுறை புதியதாகவும் இருப்பதுண்டு; அச்சான கட்டுரையே நம்பகமானது. முதல் அனுப்புகைக்கு எந்தப் பாணியும் பரவாயில்லை, ஒரே சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் சஞ்சிகைகளும் இப்போது பல உண்டு. அப்படியானால் பாணிக்காக இரவு முழிக்க வேண்டியதில்லை.

மீளப்பெறப்பட்ட கட்டுரைகள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெளிவந்த பின் பிழையோ மோசடியோ கண்டுபிடிக்கப்பட்டுச் சஞ்சிகை வாபஸ் வாங்கிய கட்டுரைகள் அவை. சொட்டெரோ அத்தகைய பதிவுகளுக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும். முன்வெளியீடாக (மீளாய்வுக்கு முன்பே இணையத்தில் இட்ட வடிவமாக) எடுத்த கட்டுரை பின்னர் சஞ்சிகையில் வந்திருந்தால், சஞ்சிகை வடிவத்துக்கு மாறுங்கள். எண்கள் மாறியிருக்கக் கூடும் என்பதால் கூற்றையும் மறுபடி ஒப்பிட வேண்டும்.

ஆவணத்தின் ஒரு பிரதியை எடுத்து, அதில் மட்டும் மென்பொருள் இணைப்பை நீக்கி அனுப்புங்கள். மூலப் பிரதியைத் தொடாதீர்கள். மீளாய்வுக்குப் பின் திருத்த அது வேண்டும்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட பின், வெளியிட முன் நீங்கள் சரிபார்ப்பதற்காக அச்சுப் பார்வைப்படி வரும். ஓரத்தில் கேள்விகள் இருக்கும்: 14ஆவது உசாத்துணை உரையில் இல்லை, 22இன் பக்க எண் எங்கே, என்று. பதில் சொல்லப் பல பதிப்பகங்கள் தருவது 48 மணித்தியாலம். 14ஐ நீங்களே வெட்டிவிட்டு அனுப்பினால் 15 தொடக்கம் வரும் எண்கள் எல்லாம் பிசகிப்போக இடமுண்டு. அது உரையில் எந்த வசனத்துக்கு உரியது என்று எழுதுங்கள். உரியது எதுவும் இல்லையென்றால் நீக்கி எண்களை மாற்றித் தரும்படி கேளுங்கள். வெளிவந்த பின் கண்ட பிழைக்குத் தனியாகத் திருத்த அறிவித்தல் வெளியிடத்தான் வேண்டிவரும்.